கத்தி மழுங்கும் சத்தம்

ஈப்போவில் என் பெற்றோர் குடியிருக்கும் தாமானில், சனிக்கிழமை காலை என்றால் யாராவது புல் வெட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். தோளில் எஞ்சினைத் தொங்கவிட்டு, முனையில் நைலான் கயிறு சுழலும் அந்த மெஷின் உங்களுக்கும் தெரிந்ததுதான். ஒருவர் அதை முடுக்கினால் நாலு வீடு தள்ளி இருப்பவர் டிவி சத்தத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். குச்சி, கல், நாய் புதைத்து வைத்த எலும்பு என்று எது எதிர்ப்பட்டாலும் அடித்துத் தூள் கிளப்பி, வேலியோரம் நிற்கும் காரின் கண்ணாடி முழுக்கப் பச்சையைத் தெளித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

எங்கள் வீடு கார்னர் லாட். பக்கவாட்டில் இருபதடி அகலத்துக்குப் புல்தரை. அங்கே மட்டும் எஞ்சின் சத்தம் கேட்காது. அப்பா கையால் தள்ளும் மெஷின் வைத்திருக்கிறார். அந்த லோரோங்கிலேயே அது ஒன்றுதான்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு சக்கரங்கள், அவற்றுக்கு நடுவே ஓர் உருளை. உருளையில் ஐந்து கத்திகள், லேசாகத் திருகிவிட்டதுபோல் வளைந்திருக்கும். அதற்குக் கீழே, தரையை ஒட்டி, அசையாமல் நிற்கும் நேர்க்கத்தி ஒன்று. அப்பா அதை அடிக்கத்தி என்பார். மெஷினைத் தள்ளினால் சக்கரத்துக்குள் இருக்கும் பல்சக்கரம் உருளையைச் சுற்றும். சுற்றும் கத்தி புல்லைச் சேர்த்து இழுத்து வந்து அடிக்கத்தியின் விளிம்பில் வைத்து நறுக்கும். கத்தரிக்கோலின் வேலைதான். நைலான் கயிறு புல்லை அடிக்கிறது, இது வெட்டுகிறது. கத்தி மழுங்கிவிட்டால் இதுவும் அடிக்கத்தான் செய்யும், ஆனால் அது உடனே நமக்குத் தெரியாது. அது எப்படித் தெரியவரும் என்பதுதான் நான் சொல்ல வந்ததில் பாதி. மற்ற பாதி அப்பாவைப் பற்றியது.

இந்த மெஷின் பிறந்த கதை எனக்குப் பிடிக்கும். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் வட்டாரம் கம்பளித் துணி ஆலைகளுக்குப் பேர்போனது. துணியின் மேல் எழும் பிசிறை மழித்துச் சமப்படுத்த, உருளையில் கத்தி பொருத்திய இயந்திரங்கள் அங்கே இருந்தன. துணியை மழிக்கிற கத்தி புல்லையும் மழிக்கும் என்று யோசித்தவர் எட்வின் பட்டிங். 1830-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை பெரிய வீடுகளின் புல்தரையை நீண்ட அரிவாளால் அரிவார்கள், இல்லையென்றால் ஆட்டை விட்டு மேய்ப்பார்கள். பட்டிங்கின் மெஷின் வந்தபிறகு புல்தரை வளர்ப்பது ஒரு நாகரிகமாகிவிட்டது. வெள்ளைக்காரர்கள் போன இடமெல்லாம் அதைக் கொண்டுபோனார்கள். மலாயாவில் கிளப்புகளின் திடல், தோட்டத் துரை பங்களாவின் முற்றம், கோல்ஃப் மைதானம் எல்லாம் அப்படி வந்தவை. கோலாலம்பூரில் இன்றைக்கு டத்தாரான் மெர்டேக்கா என்கிறோமே, அது சிலாங்கூர் கிளப்பின் கிரிக்கெட் திடலாக இருந்த இடம். 1957 ஆகஸ்டு 31 பிறக்கும் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி அங்கேதான் இறங்கியது. அந்தத் திடலின் புல்லை யார் வெட்டினார்கள் என்று என் பள்ளிப் பாடப் புத்தகம் சொல்லவில்லை. எனக்கு ஓர் ஊகம் உண்டு.

அப்பா பேராக்கில் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்தவர். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் சீவினார்கள். அப்பா பதினாறு வயதில் துரை பங்களாவில் துக்காங் கெபுன் வேலைக்குச் சேர்ந்தார். தோட்டம் கைமாறி, கித்தா போய் செம்பனை வந்தபோது வெளியேறி ஒரு கிளப்பின் கோல்ஃப் மைதானத்தில் வேலைக்குப் போனார். 28 வருடங்கள். கடைசியில் மண்டோராக ஓய்வு பெற்றார். இந்த மெஷின், கிளப் பழைய இரும்பு என்று ஒதுக்கியதை அவர் விலைக்கு வாங்கி வந்தது.

கோல்ஃப் மைதானத்தில் பந்து குழிக்குள் விழும் அந்தக் கடைசிப் பகுதியின் புல் எப்படி இருக்கும் என்று பார்த்திருப்பீர்கள், கம்பளம் மாதிரி. அதைச் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்ட வேண்டும். அதற்கான மெஷினில் ஐந்து கத்தி போதாது. பதினொரு கத்தி வரை இருக்கும். கத்தி கொஞ்சம் மழுங்கினாலும் மறுநாள் வெயில் ஏறும்போது தூரத்திலிருந்தே நிறம் மங்கித் தெரியும். உறுப்பினர்கள் வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். அதனால் பொழுது விடியுமுன் மெஷின்கள் இறங்கும்போது அப்பா ஓரமாக நின்று காதைக் கொடுப்பாராம்.

“எந்தக் கத்தி என்னா பேசுதுன்னு நடக்கும்போதே தெரிஞ்சிடும் மா. கண்ணு பார்க்கிறதுக்கு முந்தி காது சொல்லிடும்” என்பார்.

நான் வானொலி அறிவிப்பாளர். ஒலிதான் என் பிழைப்பு. பல்கலைக்கழகத்தில் ஊடகத் துறை படித்தபோது ஒலிப்பதிவுக்கென்றே ஒரு பருவம் முழுக்கப் பாடம் இருந்தது. அலைவரிசை, ஹெர்ட்ஸ், வடிகட்டி என்று விரிவுரையாளர் பலகையில் எழுதிக்கொண்டே போவார். அப்பா அதையெல்லாம் படித்ததில்லை. ஆனால் ஒரு சத்தத்துக்குள் இருக்கும் இரண்டு சத்தங்களைப் பிரித்துக் கேட்கச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மெஷினைத் தள்ளும்போது தாழ்ந்த குரலில் கடகடவென்று வருவது பல்சக்கரம். அதை விட்டுவிட வேண்டும். அதற்கு மேலே, மெல்லியதாக, பட்டுச்சேலை உரசுவதுபோல் ‘ஸ்ஸ்’ என்று ஒன்று கேட்கும். கத்தியும் அடிக்கத்தியும் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டு போகிற சத்தம் அது. அது சீராக இருந்தால் கத்தி நல்லா இருக்கு. அது இல்லாவிட்டால் லூஸ். கீச்சென்று இரைந்தால் டைட். சுற்றுக்கு ஒருமுறை ‘டிக்’ என்று தட்டினால் ஏதோ ஒரு கத்தியில் பிசிறு.

இந்தத் தீபாவளி முடிந்து இரண்டு வாரம் கழித்து ஈப்போவுக்குப் போயிருந்தேன். காரை நிறுத்திக் கதவைத் திறந்ததுமே பல் கூசியது. சிலேட்டில் ஆணியால் கீறுவதுபோல் ஒரு சத்தம். பக்கத்து வீட்டு மாக்சிக் ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்து, தலையை ஆட்டினார். அப்பா, வியர்வையில் பனியன் நனைய, மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளிக்கொண்டிருந்தார் என்பதைவிட முட்டிக்கொண்டிருந்தார் என்று சொல்வதுதான் சரி.

“கத்தி தேஞ்சு போச்சாப்பா?” என்றேன்.

“போன வாரம்தான் தீட்டுனேன். லூஸாவே இருக்கு, எவ்வளவு டைட் வெச்சாலும் நிக்க மாட்டேங்குது. சத்தமே இல்ல, பாரு.”

சத்தமே இல்லையாம்! நான் அவரைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவர் குளிக்கப் போனபிறகு புல்தரையில் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் இருப்பது மாட்டுப்புல். இலை அகலம், அதனால் வெட்டு வாயைப் பார்ப்பது சுலபம். கூர்மையான கத்தி வெட்டினால் நுனி கோடு போட்டதுபோல் நேராக இருக்கும். மழுங்கிய கத்தி இலையை மடக்கிக் கசக்கி இழுத்துக் கிழிக்கும். நுனியில் நார் நாராகத் தொங்கும். வெட்டின அன்றைக்கு எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். ஒன்றிரண்டு நாளில் அந்த நார் காய்ந்து, தரை முழுக்க வெள்ளைச் சாம்பல் தூவியதுபோல் ஆகிவிடும். பலபேர் இதைப் பார்த்துவிட்டு வெயில் என்பார்கள், உரம் போதவில்லை என்பார்கள், பூஞ்சை என்று மருந்து வாங்கி அடிப்பார்கள். குனிந்து ஒரு இலையைப் பறித்து நுனியைப் பார்த்தால் விஷயம் முடிந்தது. கிழிந்த வாய் ஆறுவதற்கு நாளாகும். அதன் வழியாக ஈரமும் போகும், நோயும் நுழையும்.

நான் பறித்த இலைகள் எல்லாமே கிழிந்திருந்தன. இன்னொன்றும் இருந்தது. மெஷின் போன தடம் ஒவ்வொன்றிலும், ஒரே இடத்தில், விரல் அகலத்துக்குப் புல் வெட்டுப்படாமல் வரிசையாக நின்றது. தலை சீவும்போது சீப்பில் ஒரு பல் உடைந்திருந்தால் வருமே, அப்படி ஒரு கோடு. இப்படிக் கோடு விழுந்தால் பெரும்பாலும் அடிக்கத்தியில் அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். உருளையின் ஐந்து கத்தியும் அந்த இடத்தைக் கடந்துதான் போக வேண்டும், அங்கே ஐந்துக்கும் துணை இல்லை. பள்ளத்தின் காரணமும் புல்லுக்குள்ளேயே கிடைத்தது. கம்பி மத்தாப்பின் கருகிய கம்பி, இரண்டாக மடங்கி. தீபாவளிக்கு வந்த பேரப்பிள்ளைகளின் கைங்கரியம். நம் வீடுகளில் தீபாவளிக்குப் பிறகு புல்லில் காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஒருமுறை இழுத்துவிட்டு மெஷினை இறக்குவது நல்லது.

ஆனால் மத்தாப்புக் கம்பி கோட்டுக்குத்தான் பதில் சொன்னது. மற்றதெல்லாம்? அப்பா செப்டம்பரில் தீட்டியதாக அம்மா சொன்னார். தீபாவளிக்கு முன்பு ஒருமுறை. போன வாரம் ஒருமுறை. வீட்டு மெஷினுக்கு இது மிக அதிகம். மெஷின் புத்தகங்களில் வருஷத்துக்கு ஒருமுறை, வசந்தம் வருமுன் தீட்டுங்கள் என்று இருக்கும். அது குளிர்நாட்டுக் கணக்கு. அங்கே குளிர்காலத்தில் புல் தூங்கும், மெஷினும் தூங்கும். இங்கே புல்லுக்கு ஏது தூக்கம்? மத்தியானம் ஒரு மழை, மறுநாள் ஒரு வெயில், பத்தே நாளில் கணுக்கால் வரை வந்துவிடும். போதாததற்கு எறும்புப் புற்று, மண்புழு தள்ளிய மண், புல் பதிக்கும்போது கொட்டிய மணல் எல்லாம் கத்தியை அரிக்கும். அதனால் இங்கே காலண்டரைப் பார்த்துத் தீட்டுவதில் அர்த்தமில்லை, புல்லைப் பார்த்துத்தான் தீட்ட வேண்டும். அப்படியிருந்தாலும் இரண்டரை மாதத்தில் மூன்று முறை என்பது எங்கோ உதைத்தது.

பசியாறிவிட்டு அப்பாவிடம், “பேப்பர் வெச்சுப் பார்ப்போமா?” என்று கேட்டேன். அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த சோதனைதான்.

உங்களுக்கும் சொல்கிறேன். மெஷினைச் சாய்த்து வையுங்கள், சக்கரம் அசையாமல் யாராவது பிடித்துக்கொள்ளட்டும். பழைய நாளிதழை இரண்டு விரல் அகலத்துக்கு நீள நீளமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். காகிதத்தின் நுனியை அடிக்கத்தியின் மேல் நீட்டி, உருளையை மெதுவாகச் சுற்றுங்கள். கையுறை கட்டாயம், ஒரு கத்தியைத் தள்ளினால் மற்ற நான்கும் கூடவே வரும் என்பதை விரல் மறந்துவிடும். காகிதம் கத்தரித்ததுபோல் துண்டாகி விழுந்தால் நல்லது. கடிபட்டு மடங்கினால், வெட்டுப்படாமல் நழுவினால் கோளாறு. இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று ஒவ்வொரு கத்தியையும் பார்க்க வேண்டும்.

இங்கேதான் பலபேர் அவசரப்படுவார்கள். காகிதம் வெட்டுப்படவில்லை என்றதும் மழுங்கிவிட்டது என்று முடிவுகட்டி அரத்தை எடுப்பார்கள், அல்லது கிரைண்டர் வைத்திருக்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பல நேரம் கத்தி நன்றாகத்தான் இருக்கும். அதற்கும் அடிக்கத்திக்கும் இடையில் காகித அளவு இடைவெளி விழுந்திருக்கும். அவ்வளவுதான். முதலில் இரண்டு பக்கத்துத் திருகாணியையும் சம அளவில், துளித் துளியாக முடுக்கிப் பார்க்க வேண்டும். லேசாகத் தொடும் நிலைக்கு வந்தும் காகிதம் மடங்கினால்தான் மழுங்கல். இன்னொரு வழி, டார்ச் லைட். விளிம்பில் அடித்துப் பாருங்கள். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பாது. மழுங்கிய விளிம்பு உருண்டிருக்கும், வெள்ளிக் கம்பி ஓடுவதுபோல் மின்னும்.

எங்கள் மெஷினில் முனையிலிருந்து முனை வரை மின்னியது. உருளையைக் கையால் சுற்றவே முடியவில்லை. திருகாணிகள் அவ்வளவு இறுக்கம். இரும்பை இரும்பின் மேல் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, தீட்டிய கூரை அந்த இறுக்கமே தின்றுகொண்டிருந்தது.

அப்பாவுக்கும் பார்த்ததும் புரிந்தது. “யாரு இவ்வளவு டைட் வெச்சது?” என்றார். பிறகு பேசாமல் இருந்தார். அந்த மெஷினை அவரைத் தவிர யாரும் தொடுவதில்லை.

நான் போனை எடுத்து மெஷினின் சத்தத்தைப் பதிவு செய்தேன். தொழில் புத்தி. கணினியில் போட்டு அலைகளை விரித்துப் பார்த்தேன். கீழே பல்சக்கரத்தின் கடகட. மேலே, உயர்ந்த அலைவரிசைகளில், பட்டையாக ஒரு கீச்சொலி. அதன் மேல் சீரான இடைவெளியில் ஊசி ஊசியாகப் பிசிறு. அப்பாவுக்குக் காதொலிப்பானை மாட்டிவிட்டேன்.

“என்னாப்பா கேக்குது?”

“பல்லுச் சத்தம். கடகடன்னு.”

கீழ்ச் சத்தத்தை வடிகட்டி எடுத்துவிட்டு, கீச்சொலியை மட்டும் ஓடவிட்டேன். எனக்கு மேசைக்கு இந்தப் பக்கத்திலிருந்தே காதைத் துளைத்தது.

“ம், போடு” என்றார்.

“ஓடுதுப்பா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். திரையில் நகரும் அலையைப் பார்த்தார். காதொலிப்பானைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, மேசையில் வைத்தார்.

“இது எனக்குக் கேக்கல மா” என்றார்.

அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். “கெட்டில் விசில் அடிச்சா யாரு எழுந்து போறதுன்னு கேளு. ஒரு வருஷமா நான்தான் ஓடுறேன்.”

வயதாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த அலைவரிசைகளைத்தான். பேச்சில் உயிரெழுத்துகள் தாழ்ந்த பக்கம் இருக்கும், ‘ஸ’, ‘ஃப’ போன்றவை உயர்ந்த பக்கம். அதனால்தான் பெரியவர்கள் “கேக்குது, என்னா சொல்றேன்னுதான் புரியல” என்கிறார்கள். என் நிகழ்ச்சிக்கு அழைக்கும் மூத்த நேயர்கள் பலர் அதையே சொல்வார்கள். அப்பாவின் விஷயத்தில் போனது, அவர் தொழிலே நம்பியிருந்த அந்த ‘ஸ்ஸ்’. சத்தம் கேட்கவில்லை என்றால் லூஸ் என்பது அவர் அனுபவப் பாடம். பாடம் சரி. கேட்கவில்லை, முடுக்கினார். இன்னும் கேட்கவில்லை, இன்னும் முடுக்கினார். கத்தி தேய்ந்தது, தீட்டினார், மறுபடி முடுக்கினார். மெஷின் கனத்தது, கை பழகிக்கொண்டது. மழுங்கிய கத்தியில் உள்ள வில்லங்கமே அதுதான். ஒரே நாளில் வெட்டுவதை நிறுத்திவிட்டால் யாருக்கும் தெரியும். அது வெட்டுவதுபோல் காட்டிக்கொண்டே இருக்கும், நாம் கொஞ்சம் கொஞ்சமாக அதிகம் தள்ளிக்கொண்டே இருப்போம்.

அன்று மாலை அண்ணன் ஜொகூரிலிருந்து போனில் வந்தான். “அந்தப் பழைய இரும்பைத் தூக்கிப் போடச் சொல்லு. ஐம்பது வெள்ளி கொடுத்தா ஆள் வந்து வெட்டிட்டுப் போறான்” என்றான். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை, அப்பாவுக்கு 71 வயது. ஆனால் வேலியோரம் நிற்கும் நாலு வீட்டுப் பெரியவர்களில், மழை விட்ட அரை மணி நேரத்தில் வெளியே வந்து நடப்பவர் அப்பா ஒருவர்தான். அவரை வெளியே இழுப்பது அந்தப் புல். அண்ணனிடம் அதைச் சொன்னேன். “நீ எப்பவும் அவர் பக்கம்தான்” என்று வைத்துவிட்டான்.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து மெஷினைப் பிரித்தோம். அடிக்கத்தியின் முன்முகத்தை அரத்தால் ஒரே திசையில் ராவி, மத்தாப்புக் கம்பி போட்ட பள்ளத்தை எடுத்தோம். ஃபோமன் கடையில் வால்வு தேய்க்கும் பேஸ்ட் கிடைக்கும். மணல் கலந்த கிரீஸ் மாதிரி நறநறவென்று இருக்கும். சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களை இடவலமாக மாற்றிப் போட்டால் உருளையைப் பின்னோக்கிச் சுற்றலாம். பேஸ்ட்டைப் பழைய தூரிகையால் கத்திகளில் தடவி, லேசாகத் தொடும் அளவுக்குத் திருகாணியை வைத்து, பின்னோக்கிச் சுற்ற வேண்டும். முன்னோக்கிச் சுற்றினால் வெட்டும். பின்னோக்கிச் சுற்றினால் ஒன்றையொன்று தீட்டிக்கொள்ளும். நான் சுற்றினேன். அப்பா அடிக்கத்தியின் இரும்புச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார்.

“இடது பக்கம் சன்னமா அதிருது. அரைக்கால் சுத்து இளக்கு” என்றார்.

இளக்கினேன். காதில் கேட்ட கீச்சு அப்படியே அடங்கிப் பட்டுச்சேலையானது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் தானாகவே தலையை ஆட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது. பேஸ்ட் ஒரு பொட்டுக்கூட மிச்சமில்லாமல் கழுவி, துடைத்து, எண்ணெய் போட்டோம். கழுவாமல் விட்டால் அடுத்த முறை புல்லோடு சேர்ந்து கத்தியையும் அது தின்னும். காகிதத்தைக் கொடுத்தேன். ஐந்து கத்தியிலும், மூன்று இடத்திலும், துண்டு துண்டாக விழுந்தது.

காது பரிசோதனைக்கு அவரைச் சம்மதிக்க வைக்க நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. கேட்கவில்லை என்று யாராவது வாயால் சொல்லியிருந்தால் ஆயிரம் சாக்குச் சொல்லியிருப்பார். காகிதமும் அலையும் சொன்னதை அவரால் மறுக்க முடியவில்லை. சோதனை முடிந்து வந்த வரைபடத்தில் கோடு இடப்பக்கம் சமமாகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் மலைச்சரிவுபோல் இறங்கியிருந்தது. “என்ன வேலை பார்த்தீங்க?” என்பதுதான் அங்கே கேட்ட முதல் கேள்வி. இரைச்சலில் வருடக்கணக்காக வேலை செய்தவர்களின் காது அந்த இடத்தில்தான் முதலில் அடிவாங்குமாம். கையால் தள்ளும் மெஷின் அவர் காதுக்கு ஒரு தீங்கும் செய்திருக்காது. கிளப்பில் எஞ்சின் மெஷின்களுக்குப் பக்கத்தில் நின்ற 28 வருடங்களில் காதடைப்பான் என்று ஒன்றை யாரும் அவர் கையில் கொடுத்ததில்லை. நம் நாட்டில் 2019-ல் வந்த வேலையிட இரைச்சல் விதிமுறைகள் எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அதன் பிறகு எங்கள் தாமானுக்கு வந்த புல்வெட்டும் பையன்களைக் கவனித்துப் பார்க்கிறேன். முகத்தில் வலைக்கண்ணாடி இருக்கிறது, காலில் பூட்ஸ் இருக்கிறது. காதில் ஒன்றும் இல்லை, அல்லது பாட்டு ஓடுகிறது.

அப்பாவுக்கு இப்போது இரண்டு காதிலும் கருவி. புல் வெட்டும் நாளில் மறக்காமல் மாட்டிக்கொள்கிறார். மற்ற நாளில் அது டப்பாவுக்குள் தூங்குவதாக அம்மா புகார் சொன்னார். என் நிகழ்ச்சியைக் கேட்கவாவது மாட்டிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன்.

“ரேடியோவுக்குச் சத்தத்தைக் கூட்டுற பொத்தான் இருக்கு மா. மெஷினுக்கு இல்லையே” என்றார்.

கருவி வந்தாலும் காகிதச் சோதனையை அவர் விடவில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை திருகாணியைத் தொடுமுன் நாளிதழைக் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். மொத்தக் காகிதம் உதவாதாம், செய்தித்தாள்தான் சரியாம். இந்த இணைப்பிதழும் அந்தக் கத்திக்குத்தான் போகும். அம்மா சமையல் பக்கத்தை முன்கூட்டியே எடுத்து ஒளித்துவைத்துக்கொள்கிறார்.